முதலில் ஒரு கட்டு அட்டை

வெப்சைட் செய்துகொடுப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். "அவங்க சைட் இருக்குல்ல, அதே மாதிரி ஒண்ணு." இல்லையென்றால், "உங்களுக்குத் தெரியாததா தம்பி, நீங்களே பாத்து நல்லா பண்ணிடுங்க." பெருந்தன்மையாகத் தோன்றும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் பின்னால் நிறையச் செலவாகும். டெவலப்பருக்கு நிரல் எழுதத் தெரியும், அதை சர்வரில் ஏற்றி ஓடவைக்கத் தெரியும். உங்களிடம் வருகிறவர் மனதில் என்ன கேள்வியோடு வருகிறார், எந்தப் பதிலைக் கேட்டதும் அட்வான்ஸை எடுத்து வைக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அதை நீங்கள்தான் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன்னால் உங்களுக்கே அது சரியாகத் தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ளவும் வேண்டும். கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்கென்று ஒரு சிறு அறிவியல் வளர்ந்திருக்கிறது. அதன் கருவிகள் அட்டை, பேனா, கத்தரிக்கோல், கூடவே பொறுமையான சில மனிதர்கள். கணினி தேவையில்லை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, ஒரு கல்யாண மண்டபத்தை வைத்துக்கொள்வோம். நடுத்தர ஊர், ஐந்நூறு பேர் உட்காரும் ஹால், கீழே சாப்பாட்டுக்கூடம். மண்டபம் கற்பனைதான். ஆனால் அதைப் பார்க்க வருகிறவர்களின் கேள்விகள் நமக்கெல்லாம் பழக்கமானவை. தேதி காலியாக இருக்கிறதா? ஒரு பந்தியில் எத்தனை பேர்? சமையல்காரரை நாமே அழைத்து வரலாமா, மண்டபத்து ஆள்தான் சமைக்கவேண்டுமா? மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் பார்த்துத் தனியாகவா? உரிமையாளர் தன் வெப்சைட்டில் பார்க்க விரும்புவது வேறு: முகப்பில் தாத்தாவின் படம், நாதஸ்வர இசை, தானாக மாறிக்கொண்டே இருக்கும் பத்துப் புகைப்படங்கள், "எங்கள் இலட்சியம்" என்றொரு பத்தி.

இந்த இடைவெளி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எக்ஸ்கேசிடி என்ற கார்ட்டூன் தொடரை வரையும் ரேண்டல் மன்ரோ, 2010-ல் பல்கலைக்கழக வெப்சைட்டுகளைப் பற்றி இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒரு வட்டத்தில் முகப்பில் இருப்பவை: வளாகப் படங்கள், பத்திரிகைச் செய்திகள், தலைவரின் கடிதம். மற்றொன்றில் மக்கள் தேடுபவை: விண்ணப்பப் படிவம், தொலைபேசி எண்கள், கல்வி நாட்காட்டி, வண்டி நிறுத்துமிடம். இரண்டு வட்டங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய கார்ட்டூன்தான். ஆனால் வெப்சைட் வடிவமைப்பு பற்றி வந்த பல தடித்த புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான்.

வடிவமைப்பு என்றதும் மனம் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் போகிறது. எது முதலில், எது பிறகு என்ற வரிசையும் வடிவமைப்புதான், அதுதான் விலை கூடிய பகுதி. அமெரிக்காவில் 36 மாநிலத்து மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான ஹெல்த்கேர்.கவ் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. நாடே வந்து மோதியது. அரசின் உள்குறிப்புகளின்படி முதல் நாள் முடிவில் காப்பீட்டில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். ஐம்பதுக்கு மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள், யார் பொறுப்பாளி என்ற குழப்பம், முழுத் தளத்தையும் ஒன்றுசேர்த்துச் சோதிக்க நேரமின்மை என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நம் விஷயத்துக்கு நேரடியாக உரியது. கணக்குத் தொடங்காமலே திட்டங்களையும் விலைகளையும் பார்க்கும் வசதி முதலில் திட்டத்தில் இருந்தது. திறப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பு அதைக் கழற்றிவிட்டார்கள். விளைவாக, விலையை மட்டும் எட்டிப் பார்க்க வந்தவரும் முதலில் கணக்குத் தொடங்கவேண்டியதாயிற்று. கூட்டம் மொத்தமும் ஒரே வாசலில் நெருக்கியது, வாசல் திணறியது. முதலில் விலையா, முதலில் பெயரா என்பது ஒரு துண்டுக் காகிதத்தில் எடுத்திருக்கக்கூடிய முடிவு. அதைக் கடைசி நேரத்தில் மாற்றியதும் சர்வர்கள் படுத்ததற்கு ஒரு காரணம். சரிசெய்ய இரண்டு மாதங்கள் பிடித்தன.

வணிகத் தளங்களிலும் இதே கதை உண்டு. ஜேரட் ஸ்பூல் என்ற ஆய்வாளர் ஒரு பெரிய அமெரிக்க விற்பனைத் தளத்தைப் பற்றி (பெயரை அவர் சொல்லவில்லை) எழுதியிருக்கிறார். பணம் கட்டும் இடத்துக்கு முன்னால் 'பதிவு செய்க' என்று ஒரு பட்டன் குறுக்கே நின்றது. அதை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று ஒரு பட்டனும், கணக்கு கட்டாயமில்லை என்று ஒரு வரியும் வைத்தார்கள். முதல் ஆண்டில் கூடிய விற்பனை 30 கோடி டாலர் என்பது அவர் சொல்லும் கணக்கு. தொகையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளை வாங்கத் தயாராக நிற்பவரை நிறுத்தி வைத்துப் பெயர் கேட்டால் அவர் எரிச்சலடைவார் என்பதை நம்ப ஆய்வாளர் தேவையுமில்லை.

முன்கூட்டியே யோசித்தால் எவ்வளவு மிச்சமாகும்? இந்த இடத்தில் ஒரு பிரபலமான எண்ணைக் கவனமாகக் கையாளவேண்டும். மென்பொருளில் ஒரு தவறைத் திட்டமிடும்போதே பிடித்தால் ஒரு ரூபாய், ஓட ஆரம்பித்த பிறகு பிடித்தால் நூறு ரூபாய் என்று விற்பனைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கலாம். இதன் மூலம் பேரி போம் என்ற அமெரிக்கப் பொறியாளரின் ஆய்வுகள். ஆனால் அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் ராணுவ, விண்வெளி நிறுவனங்களின் பிரம்மாண்டமான மென்பொருள்கள். 2001-ல் விக்டர் பசிலியோடு சேர்ந்து எழுதியபோது போமே இதைத் திருத்தினார்: உயிருக்கு ஆபத்தில்லாத சிறு மென்பொருள்களில் இந்த விகிதம் நூறு மடங்கு வராது, ஐந்து மடங்குக்கு அருகில் இருக்கும் என்றார். நம் மண்டபத்துக்கு ஐந்து மடங்கே போதுமான அச்சுறுத்தல்.

வெப்சைட்டுக்கு வருகிறவர் அங்கே என்ன செய்கிறார் என்பதற்கு நல்ல விளக்கம் சூழலியலிலிருந்து வந்தது. ஒரு பறவை ஒரு புதரில் பூச்சி பொறுக்குகிறது. முதலில் நிறையக் கிடைக்கும். நேரம் போகப்போகக் குறையும். எந்தக் கணத்தில் அது அடுத்த புதருக்குப் பறக்கவேண்டும்? எரிக் சார்னோவ் 1976-ல் இதற்கு ஒரு கணிதத் தேற்றம் தந்தார். இங்கே கிடைக்கும் வேகம், பறக்கும் நேரத்தையும் சேர்த்து அந்தக் காட்டில் சராசரியாகக் கிடைக்கும் வேகத்துக்கு இறங்கும்போது கிளம்புவதே பறவைக்கு லாபம். இதிலிருந்து ஒன்று கிளைக்கிறது: அடுத்த புதர் தொலைவில் இருந்தால் பறவை இங்கேயே கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அருகில் இருந்தால் சட்டென்று போய்விடும்.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரோலி, ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர் இந்தக் கணிதத்தை எடுத்துத் தகவல் தேடும் மனிதர்கள்மீது பொருத்தினார்கள். 1999-ல் வெளியான அவர்களுடைய கட்டுரை இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. மனிதரும் ஒரு பக்கத்தில் இரை தேடுகிறார், வாசனை பிடித்துக்கொண்டு போகிறார். வாசனை என்று அவர்கள் சொன்னது மெனுவிலும் பட்டனிலும் இருக்கும் சொற்களை. அந்தச் சொல், தான் தேடுவதற்கு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று மூளை ஒரு மதிப்பீடு போடுகிறது. நெருக்கம் கூடக்கூட மேலே அழுத்திப் போகிறார், குறைந்தால் திரும்பிவிடுகிறார். கூகுளில் அடுத்த மண்டபம் ஒரு விரல் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியானால் சார்னோவின் கணக்குப்படி உங்கள் பக்கத்தில் அவர் எவ்வளவு நேரம் தங்குவார்?

பெண்ணின் சித்தப்பா மண்டபம் தேடுகிறார் என்று கொள்வோம். அவர் மனதில் இருப்பது பந்தி. மெனுவில் 'எங்கள் சேவைகள்' என்று இருக்கிறது. அதற்குள் பந்தி இருக்கலாம், பூ அலங்காரமும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். வாசனையே இல்லாத சொல் அது. அதே இடத்தில் 'சாப்பாட்டுக்கூடம், சமையலறை' என்று இருந்தால் யோசிக்காமல் அழுத்துவார். ஆகவே டெவலப்பரைத் தேடுவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை எழுதுவதுதான். மண்டபத்து மேனேஜரின் மேசையருகே ஒரு நோட்டு வைத்து, போனிலும் நேரிலும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொல்லிலேயே குறிக்கச் சொல்லுங்கள். 'கார் எங்க விடுறது' என்று கேட்டால் அப்படியே எழுதவேண்டும், 'வாகன நிறுத்த வசதி' என்று செம்மைப்படுத்தக் கூடாது. முகூர்த்தம் நிறைந்த ஒரு மாதம் போதும். ஆடியிலும் மார்கழியிலும் நோட்டு நிரம்பாது.

நோட்டிலிருந்து ஒவ்வொரு விஷயத்தையும் ஓர் அட்டையில் எழுதினால் நாற்பது அட்டைகள் சேரும் என்று வைத்துக்கொள்வோம். இவற்றை மெனுவில் எந்தத் தலைப்பின்கீழ் அடுக்குவது? உரிமையாளர் அடுக்கினால் அவருடைய தலையில் இருக்கும் வரிசை வரும்: நிர்வாகம், வசதிகள், கட்டணம். அவர் செய்யவேண்டியது, அட்டைகளைக் கலைத்து, கல்யாணம் நடத்திய அல்லது நடத்தப்போகிற சிலரிடம் தனித்தனியாகக் கொடுப்பது. "ஒண்ணோட ஒண்ணு சேர்றதையெல்லாம் சேர்த்து வைங்க, ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பேர் வைங்க." இவ்வளவுதான் அறிவுறுத்தல். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். இந்தக் கடைசி விதி சொல்வதற்குத்தான் எளிது.

பிறகு கணக்கு. நாற்பது அட்டைகளிலிருந்து 780 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடியையும் எத்தனை பேர் ஒரே குவியலில் வைத்தார்கள் என்று எண்ணுவது. பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் 'பாத்திரம்' அட்டையையும் 'கேஸ் அடுப்பு' அட்டையையும் சேர்த்து வைத்திருந்தால் அந்த ஜோடியின் நெருக்கம் 80 சதவீதம். மிக நெருங்கிய ஜோடிகளை முதலில் ஒட்டி, அவற்றோடு அடுத்த நெருக்கமானவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒரு கிளைமரம் உருவாகும். உயிரினங்களை வகைப்படுத்தவும் இதே கொத்துக்கணிதம் பயன்படுகிறது. எக்செல் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடும். எத்தனை பேர் போதும் என்பதற்கும் விடை உண்டு. டாம் டல்லிஸ், லாரி வுட் இருவரும் 168 பேரை அட்டை அடுக்கச் சொல்லி, அதில் சிறு சிறு குழுக்களின் முடிவு மொத்த முடிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 2004-ல் பார்த்தார்கள். ஐந்து பேர் என்றால் ஒட்டுறவு 0.75, பதினைந்து பேர் என்றால் 0.90, முப்பது பேர் என்றால் 0.95. பதினைந்துக்கு மேல் போனால் உழைப்பு இரட்டிக்கும், பலன் கொஞ்சமே கூடும்.

இந்தச் சோதனையின் சுவையே எதிர்பாராத அட்டையில் இருக்கிறது. 'ஜெனரேட்டர்' அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் அதைப் பெருமையோடு வசதிகளில் வைப்பார். கல்யாணம் நடத்தியவர்கள் அதைக் கட்டணக் குவியலில் வைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் நினைவில் இருப்பது டீசல் பில். அப்போது தளத்தில் எழுதவேண்டியது 'ஜெனரேட்டர் உண்டு' என்பதோடு நிற்காது. மணிக்கு என்ன கட்டணம், யார் கட்டுவது என்பதும் வேண்டும். எந்த டெவலப்பராலும் இதைத் தன் மேசையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

மெனுவில் ஏழு தலைப்புகளுக்கு மேல் கூடாது என்று யாராவது சொல்வார்கள். ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் பெயரால் உலவும் விதி இது. மில்லர் பேசியது, கேட்டதும் மனதில் தாங்கிக்கொள்ளக்கூடிய உருப்படிகளின் எண்ணிக்கையைப் பற்றி. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. தெளிவான பத்துத் தலைப்பு, மங்கலான ஐந்தைவிட நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்து எழுத்து. எழுத்தை எல்லோரும் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். டிசைனர் தரும் மாதிரிப் பக்கத்தில் 'லோரம் இப்ஸம்' என்று லத்தீன் போலொன்று நிரம்பியிருக்கும். கிமு 45-ல் சிசரோ எழுதிய தத்துவ நூலைச் சிதைத்து எடுத்த அர்த்தமில்லாத வரிகள் அவை. பக்கம் அழகாக இருக்கும். அந்த இடத்தில் தமிழைப் போட்டதும் குலைந்துவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதி மேல் விகுதியாக வளர்பவை. 'புக் நவ்' கச்சிதமாக உட்காரும் பட்டனில் 'முன்பதிவு செய்யுங்கள்' இரண்டாக மடியும். மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் வேண்டும். பெயர் எழுதும் பெட்டிக்கு முப்பது குறிகள் என்று அளவு வைத்தால் அது முப்பது எழுத்தல்ல. 'மண்டபம்' ஐந்து எழுத்து, ஆனால் யூனிகோடில் ஏழு குறிகள், யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். 'ஸ்ரீ' கண்ணுக்கு ஒன்று, உள்ளே நான்கு. இவையெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. ஆனால் உண்மையான தமிழ் வாசகம் முதல் நாளிலேயே கையில் இருந்தால்தான் டெவலப்பர் கண்ணில் படும்.

எழுதுவதில் பாதி, எதை எழுதாமல் விடுவது என்பது. பிரிட்டன் அரசு தன் இரண்டு பெரிய தளங்களை மூடிவிட்டு 2012 அக்டோபரில் கவ்.யுகே என்ற ஒரே தளத்தைத் திறந்தது. நிறத்தில் தொடங்காமல், குடிமக்களுக்கு அரசிடமிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய தேவைகள் எவை என்ற பட்டியலில் அந்தக் குழு தொடங்கியது. ஏறத்தாழ 75,000 பக்கங்கள் 3,000 ஆகச் சுருங்கின. அடுத்த ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் அதற்கு ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது. கறுப்பு எழுத்தும் வெள்ளைப் பின்னணியுமாக, அலங்காரமே இல்லாத ஒரு தளத்துக்கு. தாத்தாவின் படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அவர் ஒரு படி உள்ளே, 'எங்களைப் பற்றி'யில் நிம்மதியாக இருக்கலாம்.

சொற்களும் அடுக்கும் தயாரானதும் கத்தரிக்கோல். ஒவ்வொரு திரையையும் ஒரு காகிதத்தில், கைபேசி அளவுக்கு, கையால் வரைந்துகொள்ளுங்கள். ஸ்கேல் வேண்டாம். கோணல்மாணலாக வரைந்தால்தான் பார்ப்பவர் கூச்சப்படாமல் குறை சொல்வார். வழவழவென்று அச்சடித்த படத்தைக் காட்டினால் "கலர் நல்லாருக்கு" என்று முடித்துக்கொள்வார். ஒருவர் எதிரே உட்கார்ந்து விரலால் பட்டனைத் தொடவேண்டும், நீங்கள் கணினியாகி அடுத்த காகிதத்தை எடுத்து வைக்கவேண்டும். "வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை, எண்ணூறு பேர் சாப்பிடணும், எவ்வளவு ஆகும்னு கண்டுபிடிங்க" என்று ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கே தயங்குகிறார் என்று மட்டும் பாருங்கள். உதவி செய்யாதீர்கள்.

பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், ஐபிஎம் இதைத்தான் செய்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்கள் 12 மொழிகளில் குரல்செய்தி அனுப்பவும் கேட்கவும் ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. ஜான் கூல்ட் தலைமையிலான குழு, நிரல் எழுதுவதற்கு முன்பே, பயனர் என்ன அழுத்துவார், இயந்திரம் என்ன பதில் சொல்லும் என்பதை நாடகக் காட்சிபோல் காகிதத்தில் அச்சிட்டு மற்றவர்களிடம் கருத்துக் கேட்டது. பயன்படுத்தும் வழிகாட்டிக் கையேட்டையும் முன்கூட்டியே எழுதியது, இல்லாத இயந்திரத்துக்கு. அலுவலக நடைகூடத்தில் ஒரு மாதிரிச் சாவடியை நிறுத்தி, போகிற வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டது. கையேட்டில் விளக்கக் கடினமாக இருந்த வசதி, வடிவமைப்பிலேயே கோளாறானது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காகிதத்தை எத்தனை பேரிடம் காட்டுவது? ஐந்து என்பது துறையில் வேதவாக்கு. 1993-ல் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் பல சோதனைகளை அலசி, சராசரியாக ஒருவர் ஒரு வடிவமைப்பிலுள்ள சிக்கல்களில் 31 சதவீதத்தில் மாட்டிக்கொள்கிறார் என்று கண்டார்கள். அப்படியானால் ஒருவர் கண்ணில் படாமல் தப்புவது 69 சதவீதம். ஐந்து பேருக்கு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் சுமார் 0.16 மிஞ்சும், 84 சதவீதம் பிடிபட்டுவிடும். அழகான கணக்கு, ஆனால் அதன் உயிர் அந்த 31-ல் இருக்கிறது. சிக்கல்கள் அரிதாகத் தலைகாட்டும் பெரிய தளங்களில் அந்த எண் மிகக் குறைவு. 2001-ல் ஸ்பூலும் வில் ஷ்ரோடரும் பார்த்த தளங்களில் ஐந்து பேர் பிடித்தது 35 சதவீதம் அளவே. லாரா ஃபாக்னர் 2003-ல் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து எழுந்தமானமாக ஐவர் ஐவராக எடுத்துப் பார்த்தார். சில ஐவர்கள் ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களையும் பிடித்தார்கள், சில ஐவர்கள் 55 சதவீதத்தோடு நின்றுவிட்டார்கள். என் பார்வையில், பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் எல்லோரிடமும் காட்டாமல், ஐவரிடம் காட்டித் திருத்தி, அடுத்த ஐவரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம். காகிதம்தானே, திருத்த ஓர் அழிப்பான் போதும். அந்த ஐவரில் இருபத்தைந்து வயது ஒன்றும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனைப் பார்க்கும் அறுபது வயது ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அழகுக்கு வரலாம். அழகு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் குழு, பக்கங்களை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரமே காட்டியும், பிடித்திருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு மக்களிடம் ஏற்கெனவே உருவாகிவிட்டதை 2006-ல் காட்டியது. ஆனால் அழகிலும் அளக்கக்கூடியவை உண்டு. உலகத் தர விதிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கவேண்டும். மண்டபக்காரர்கள் விரும்பும் தங்க மஞ்சள், வெள்ளைப் பின்னணியில் 1.5-ஐக்கூட எட்டாது. தங்கம் வேண்டுமென்றால் அரக்குப் பின்னணியில் வையுங்கள்.

படங்களுக்கும் ஒரு பட்ஜெட் போடவேண்டும். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால், சுழலும் பத்துப் படங்கள் 40 எம்பி, அதாவது 320 மெகாபிட். சிக்னல் மந்தமான ஊரில் நொடிக்கு 2 மெகாபிட் கிடைத்தால் எல்லாம் இறங்க 160 நொடி. ஒரு நொடிக்குள் பதில் வந்தால் எண்ண ஓட்டம் அறுபடாது, பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும் என்பது 1968-ல் ராபர்ட் மில்லர் எழுதியதிலிருந்து இன்றுவரை பெரிதாக மாறாத எல்லை. முதல் பக்கத்துக்கு மொத்தம் ஒரு எம்பி என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பத்துப் படங்கள் தாமாகவே அளவு சுருங்கி இரண்டாகிவிடும். நாதஸ்வரம் எங்கே போகும் என்று கேட்காதீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து ரகசியமாக மண்டபம் தேடுகிறவர் அதைக் கேட்டு நன்றி சொல்லப்போவதில்லை.

இன்னொன்று: டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியை, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையாலேயே வாங்குங்கள். டெவலப்பர் தன் கணக்கில் வாங்கித் தருவதை உதவி என்று நினைத்துவிட்டு, பின்னால் ஆள் மாறும்போது சொந்தப் பெயரை மீட்க அலைகிறவர்கள் ஏராளம். ஹோஸ்டிங் கணக்கும் அப்படியே.

இப்போது கையில் இருப்பவை: கேள்வி நோட்டு, அட்டைகளிலிருந்து வந்த மெனு, உண்மையான வாசகம், திருத்திய காகிதத் திரைகள், ஒரு எம்பி வரம்பு. இதை மூன்று டெவலப்பர்களிடம் கொடுத்து விலை கேட்டால், மூன்று விலைகளும் ஒரே வேலைக்கான விலைகளாக இருக்கும். "நல்லா பண்ணிடுங்க" என்று மூவரிடம் சொல்லியிருந்தால் மூன்று வெவ்வேறு கற்பனைகளுக்கு விலை வந்திருக்கும், எது மலிவு என்று ஒப்பிடவே வழியில்லை.

ஆனால் நோட்டில் மிக அதிகமாக வந்த கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. தேதி காலியாக இருக்கிறதா? நாட்காட்டி ஒன்றைத் தளத்தில் வைப்பது டெவலப்பருக்குப் பெரிய வேலையல்ல. அட்வான்ஸ் வாங்கியதும் தேதியை யார் அடைப்பது? இப்போது அது மேனேஜரின் மேசை இழுப்பறையில் இருக்கும் டைரியில், பென்சிலால் நடக்கிறது. "பேசிட்டுப் போயிருக்காங்க" என்பதற்கு ஒரு சிறு புள்ளி, உறுதியானால் வட்டம். டைரியும் வெப்சைட்டும் இரண்டுமே இருந்தால், ஒன்றை எழுதி மற்றதை மறக்கும் நாள் நிச்சயம் வரும். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீடுகள் மண்டப வாசலில் நிற்கும். டைரியை மூடிவிட்டு மேனேஜர் போனிலேயே குறிக்க ஒப்புக்கொண்டால் நாட்காட்டி வைக்கலாம். இல்லையென்றால் நாட்காட்டியே வேண்டாம். 'தேதி கேட்க' என்று அவருடைய வாட்ஸ்அப்புக்குப் போகும் ஒரு பட்டன் போதும், செலவும் குறையும். முப்பது வருஷமாக டைரி எழுதுகிற மனிதர் அவர். டெவலப்பருக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.